ஆட்டுக்கு டாக்டர் இருக்கார்... மேய்ச்சல் காட்டுக்கு யார் இருக்கா?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலில் பெரும்பாலானவர்கள் காத்திருப்பது பாம்பன் பாலத்துக்காகத்தான். அதற்கு முன்னால் உச்சிப்புளி என்று ஒரு ஸ்டேஷன் வரும். மணல் தரை, பனை, தென்னை, குடை விரித்ததுபோல நிற்கும் உடை மரங்கள். மேலே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் சத்தம். கீழே அந்தச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்காமல் மேயும் ஆடுகள். அந்தக் கூட்டங்களில் ஒன்று எங்கள் அப்பத்தாவுடையது.

உச்சிப்புளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வெள்ளாடும் செம்மறியுமாக அப்பத்தாவிடம் இன்றைக்கு 27 உருப்படி. என் காலேஜ் ஃபீஸில் பாதி அந்தப் பட்டியிலிருந்துதான் வந்தது. மூன்று கிடாக்கள் ஒரு செமஸ்டர் என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்கே உண்டு.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி மழை நன்றாகப் பெய்து காடெல்லாம் பச்சைப்பசேல் என்று கிடந்தது. ‘இந்த வருசம் ஆடு நல்லாத் தேறிரும்’ என்று அப்பத்தா சந்தோஷமாக இருந்தார். ஒருநாள் விடியற்காலை பட்டியைத் திறந்தால் இரண்டு செம்மறிக் குட்டிகள் கால் விறைத்துக் கிடந்தன. அடுத்த நாள் ஒன்று. அந்த வாரம் முடிவதற்குள் ஆறு. நோஞ்சான் குட்டிகள் எல்லாம் தப்பித்துவிட்டன. கொழுகொழுவென்று இருந்தவைதான் போயின. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அப்பத்தா உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார்.

அது கண்ணேறு இல்லை, துள்ளுமாரி. மழைக்கு முன்பே ஒரு தடுப்பூசி போட்டிருந்தால் அந்த ஆறும் பிழைத்திருக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தடுப்பூசி முகாம் பற்றிய அறிவிப்பு ஏதோ ஒரு சுவரில் ஒட்டப்பட்டிருந்ததாம். எழுதப் படிக்கத் தெரியாத, அந்தப் பக்கமே போகாத ஒரு பாட்டிக்கு அந்தச் சுவர் எப்படிச் செய்தி சொல்லும்?

அன்று எங்கள் பட்டிக்கு ஒருவர் வந்து, ‘ஆத்தா, மழை வரப்போகுது, ஊசி போட்டுடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்வதே சில நாடுகளில் ஒரு முழுநேர வேலை. கால்நடைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் சேர்த்து ஆலோசனை சொல்பவர்கள் அவர்கள். நம் ஊரில் அந்த வேலையை யார் செய்கிறார்கள், எவ்வளவு தூரம் செய்கிறார்கள், எங்கே விட்டுவிடுகிறார்கள் என்று தேடிப்பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

நல்ல குட்டி ஏன் முதலில் சாகிறது?

துள்ளுமாரி ஒரு பாக்டீரியாவின் வேலை. அந்தக் கிருமி ஆட்டின் குடலில் எப்போதுமே கொஞ்சம் இருக்கும். காய்ந்த புல்லைத் தின்று பழகிய ஆடு, மழைக்குப் பிறகு இளம்புல்லை வயிறு முட்ட மேயும்போது குடலுக்குள் கிருமி தாறுமாறாகப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சு மூளைவரை போகிறது. ஆடு துள்ளி விழுந்து, சில மணி நேரத்தில் செத்துப்போகிறது. பெயர் வந்ததே அதனால்தான். நன்றாக மேய்கிற, நன்றாகப் பால் குடிக்கிற குட்டிதான் அதிகம் தின்னும். எனவே அதுதான் முதலில் மாட்டும்.

நோய் வந்த பிறகு வைத்தியம் செய்ய நேரமே இருக்காது. மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவதுதான் வழி. முதல்முறை போடும் ஆடுகளுக்குச் சில வாரங்கள் கழித்து இன்னொரு ஊசியும் வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகவும் நாளாகும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆடி, ஆவணியிலேயே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் யோசித்தால் தாமதம்.

கால்நடை ஆலோசனையின் அடிப்படையே இந்தக் காலக் கணக்குதான். என்ன மருந்து என்பதைக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். எப்போது என்பதைச் சொல்வதற்குத்தான் ஊரின் மழையும், புல்லும், ஆட்டின் வயிறும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

மழையை ஒட்டி வரும் இன்னொரு தொல்லை நீலநாக்கு நோய். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னக் கொசு போன்ற பூச்சிகள் பரப்புவது. வாய் வீங்கி, நாக்கு நீலம் பாரித்து, கால் நொண்டும். 1997-98ல் தமிழ்நாட்டுச் செம்மறிகளை இது கடுமையாகத் தாக்கியது. ஆட்டுக்கொல்லி நோய் வேறு இருக்கிறது. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று பட்டியையே காலி செய்யக்கூடியது. ஒருமுறை தடுப்பூசி போட்டால் சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை 2011ல் உலகத்திலிருந்தே ஒழித்ததுபோல, ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிப்பதென்று உலக அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. அந்த இலக்கின் கடைசிக் கண்ணி எங்கள் அப்பத்தாவின் பட்டி மாதிரி ஆயிரக்கணக்கான பட்டிகள்தாம்.

கண்ணிமையில் இருக்கு ரிப்போர்ட்

நல்ல ஆலோசகர் பட்டிக்குள் நுழைந்ததும் ஊசியை எடுப்பதில்லை. முதலில் பார்ப்பார்.

ஆட்டின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்ப்பது ஒரு முறை. உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் ஆடு நலம். வெளிறிப்போயிருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ‘ஃபமாச்சா’ என்றொரு வண்ண அட்டையே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டது. எந்த ஆட்டுக்கு இமை வெளிறியிருக்கிறதோ அதற்கு மட்டும் குடற்புழு மருந்து என்பதுதான் அதன் நோக்கம். எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி ஒரே மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தால் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் சாகாது.

அடுத்து முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பார். எலும்பு கத்தி முனைபோலத் தட்டுப்பட்டால் தீவனம் போதவில்லை. புழுக்கை உருண்டையாக இருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று பார்ப்பார். குளம்பைத் தூக்கி இடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார். இதில் பாதி அப்பத்தாவுக்கே தெரியும். அப்பத்தாவுக்குத் தெரியாதது, கண்ணில் தெரியாத கிருமியும் புழுவும். ஆலோசகருக்குத் தெரியாதது, எந்த ஆடு எந்தச் செடியைத் தேடிப் போகும் என்பது. இருவரும் உட்கார்ந்து பேசினால்தான் ஆட்டின் கதை முழுசாகப் புரியும்.

எங்கள் பகுதியில் அதிகம் தெரிவது இரண்டு இனங்கள். ஒன்று ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி. வெள்ளை உடம்பு, சிலவற்றில் பழுப்பு அல்லது கறுப்புத் திட்டு. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. இன்னொன்று கொடி ஆடு. நெடுநெடுவென்று கால், ஒல்லி உடம்பு. வெள்ளையில் கறுப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்கள்தாம் கொடி ஆட்டுக்குத் தாய்வீடு. இரண்டுமே வெயிலைத் தாங்கி, நீண்ட தூரம் நடந்து, கிடைத்ததைத் தின்று பிழைக்கும் இனங்கள். வேறு ஊரிலிருந்து கொழுத்த ஆட்டை வாங்கிவந்து இந்த மணலில் விடுவதற்கு முன்பு ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆலோசனைக்கு யாரைத் தேடுவது என்று கேட்டால், ஆட்டைப் பொறுத்தவரை பதில் இருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்களில் உதவி மருத்துவர்களும், கிளை நிலையங்களில் கால்நடை ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டிக்கு உதவி கேட்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு ராமநாதபுரத்தில் பயிற்சி மையம் இருக்கிறது. 1989ல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம், கால்நடைக்கென்றே இந்தியாவில் உருவான முதல் பல்கலைக்கழகம். மகளிர் குழுப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ‘பசு சகி’ என்ற பெயரில் வீடு வீடாக ஆலோசனை சொல்லவைக்கும் ஏற்பாடும் உண்டு.

எங்கள் பட்டிக்கும் இப்போது ஆடி மாதமே ஆள் வந்துவிடுகிறார்கள். ஆறு குட்டிகள் போன அந்த வருடத்துக்குப் பிறகு துள்ளுமாரியில் எங்கள் வீட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை.

‘ஊசி போட்டாச்சு... மேய எங்க போறது?’

போன முறை ஊருக்குப் போனபோது அப்பத்தாவோடு ஆடு பத்திக்கொண்டு போனேன். தடுப்பூசி, 1962, பசு சகி என்று நான் சேகரித்த தகவல்களையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே நடந்தேன். அப்பத்தா கேட்டுக்கொண்டே வந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

‘ஊசியெல்லாம் போட்டாச்சுத்தா. மேய்க்க எங்க பத்திட்டுப் போறது?’

என்னிடம் பதில் இல்லை. அன்று நடந்த வழியை எண்ணிப்பார்த்தேன். முதலில் அறுவடை முடிந்த ஒரு வயல். அது தனியார் பட்டா. அடுத்து கண்மாய் உள்வாய். அது நீர்வளத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ சொந்தம். அங்கிருந்து ரோட்டோரம். அது நெடுஞ்சாலைத் துறை. கடைசியில் கொஞ்சம் புறம்போக்கு. அது வருவாய்த் துறை. ஒரே நாளில் எங்கள் ஆடுகள் நாலு எல்லையைத் தாண்டின. ஆட்டுக்கு ஒரு துறை இருக்கிறது. ஆடு மிதிக்கும் நிலத்துக்குப் பல துறைகள் இருக்கின்றன. ஆனால் ‘இந்த நிலத்தில் எத்தனை ஆடு மேயலாம், எப்போது ஓய்வு கொடுக்கலாம், எந்தச் செடி குறைகிறது’ என்று பார்ப்பது அந்தத் துறைகளில் ஒன்றின் அன்றாட வேலையாகவும் இல்லை.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மந்தை இருந்தது. சென்னையின் நடுவில் இருக்கும் மந்தைவெளியின் பெயரைச் சொல்லிப்பாருங்கள். மந்தை மேய்ந்த வெளிதான் அது! வருவாய்க் கணக்கில் இன்றும் மேய்ச்சல் புறம்போக்கு என்று தனியாக ஒரு வகை உண்டு. நேரில் போய்ப் பார்த்தால் பல ஊர்களில் அங்கே கட்டடம் இருக்கும், அல்லது முள்காடு இருக்கும். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றித் திருப்பித்தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேய்ச்சல் நிலமும் அதில் சேர்த்தி.

அதே 2011ல்தான் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லாமல் நாலு ஆடு தரும் திட்டத்தைத் தொடங்கியது. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியக் காரணமான திட்டம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகளும், 99 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெள்ளாடுகளும் இருக்கின்றன. ஆட்டைக் கொடுக்கத் திட்டம் இருக்கிறது. ஆடு தின்பதற்கு இடம் கொடுக்கும் திட்டம்தான் கண்ணில் படவில்லை.

தேசிய கால்நடை இயக்கத்தில் 50% மானியத்தோடு ஆட்டுப் பண்ணை வைக்கலாம். ஆனால் குறைந்தது 100 பெட்டை ஆடுகள், 5 கிடாக்கள் வேண்டும். பரண் அமைத்து, பசுந்தீவனம் வளர்த்து, கொட்டகையிலேயே ஆடு வளர்ப்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. சொந்த நிலமே இல்லாமல் 20, 30 ஆடுகளை மேய்ச்சலில் வளர்க்கும் பெண்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆடு விதைத்த காடு

புறம்போக்கை அடைத்துக்கொண்டு நிற்பதில் முதலிடம் சீமைக் கருவேலத்துக்கு. ராமநாதபுரத்துக்காரர்களிடம் இந்த மரத்தைப் பற்றிக் கேட்டால் திட்டும் விழும், நன்றியும் வரும். விறகும் கரிமூட்டமும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அதே மரம் கண்மாயையும் தரிசையும் மூடி, அடியில் புல் முளைக்கவிடாமல் செய்கிறது. 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது நினைவிருக்கும்.

இதில் ஆட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கருவேல இலையை ஆடு தொடாது. ஆனால் இனிப்பான நெற்றை விரும்பித் தின்னும். உள்ளே இருக்கும் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, உரத்தோடு சேர்ந்து முளைக்கும். ஆடு போன வழியெல்லாம் கருவேலம். மேய்ச்சல் நிலத்தை மூடும் மரத்தை ஆடே நட்டுக்கொண்டு போகிறது!

நல்ல ஆலோசனை இங்கே இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யும். நெற்றுகளைப் பொறுக்கி, காயவைத்து, விதையும் உடையும்படி அரைத்து, மற்ற தீவனத்தோடு அளவாகக் கலந்து கொடுத்தால் அது சத்தான தீவனம். விதை முளைக்காது. வெறும் நெற்றை மட்டுமே நாள்கணக்கில் தின்றால் ஆட்டுக்குத் தாடை நரம்பு பாதித்து, மெல்ல முடியாமல் மெலிந்துபோகும். பிரேசில் நாட்டிலும் ஆடு, மாடுகளுக்கு இந்தப் பாதிப்பு வந்திருக்கிறது.

எங்கள் உடை மரம் அப்படியில்லை. இந்த மண்ணிலேயே பிறந்தது. அதன் காய் உதிரும் பருவத்தில் மரத்தடியே ஆட்டுக்குப் பந்தி. நிழலும் உண்டு. கருவேலத்தை வெட்டும் ஜே.சி.பி. உடையையும் சேர்த்துச் சாய்த்துவிடாமல் பார்க்க, இரண்டு மரத்தையும் வேறுபடுத்திச் சொல்லும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நடந்துகொண்டே இருக்கும் பட்டிகள்

அப்பத்தாவுக்காவது ஒரு ஊர் இருக்கிறது. கிடைக்காரர்களுக்கு ஊரே ரோடுதான். ராமநாதபுரம், சிவகங்கை பகுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான ஆடுகளோடு கிளம்பி, அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சை டெல்டா வரை போவார்கள். கீதாரி என்பவர் குழுவுக்குத் தலைவர். பகலில் மேய்ச்சல், இரவில் வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயலுக்கு உரம் போட வேண்டிய அவசியம் குறையும். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். கி.ராஜநாராயணனின் ‘கிடை’, சு.தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கை தெரிந்திருக்கும்.

தடுப்பூசி முகாம் ஊரில் நடக்கும் நாளில் இந்த ஆடுகள் வேறு மாவட்டத்தில் இருக்கும். அங்கே உள்ள மருந்தகத்துக்கு இவர்கள் அந்நியர்கள். பாதையில் எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் நோய் இருக்கிறது, எந்த வயலில் நேற்றுத்தான் பூச்சிமருந்து அடித்தார்கள் என்பதெல்லாம் கீதாரியிடமிருந்து கீதாரிக்கு செல்போனில் போகும் செய்திகள். இங்கே கீதாரிதான் ஆலோசகர்.

வனத்தை ஒட்டி மேய்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாள்களிலேயே அந்தத் தடையை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. புலிக்குளம் மாடு வளர்ப்பவர்கள் போன்றோருக்கு அது வாழ்வா சாவா என்ற பிரச்னை. மதுரையைச் சேர்ந்த ‘சேவா’ போன்ற அமைப்புகள் நாட்டு இனங்களோடு சேர்த்து அவற்றை மேய்ப்பவர்களின் உரிமைக்காகவும் பேசிவருகின்றன. ஆட்டையும் மாட்டையும் காப்பாற்ற, அவை மேயும் இடத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட வேலை அது.

புல்லுக்கும் ஒரு கணக்கு

அமெரிக்காவில் 1930களில் புழுதிப் புயல்கள் வந்து நிலமே பறந்தபோது, 1935ல் மண் பாதுகாப்புக்கென்று ஒரு அரசுத் துறையைத் தொடங்கினார்கள். அதன் இன்றைய வடிவத்தில் மேய்ச்சல் நில ஆலோசகர் என்பது ஒரு பதவி. அவர் பண்ணைக்காரரோடு சேர்ந்து நிலத்தை நடந்து பார்ப்பார். என்ன புல் இருக்கிறது, வெறும் மண் எவ்வளவு தெரிகிறது என்று குறிப்பார். எந்தப் பகுதியில் எத்தனை நாள் மேய்ச்சல், எத்தனை நாள் ஓய்வு என்று ஒரு திட்டம் எழுதுவார். அவர்களிடம் பிரபலமான எளிய விதி ஒன்று உண்டு. புல்லில் பாதியை மேயவிடு, பாதியை விட்டுவை. விட்டுவைத்த பாதிதான் வேரைக் காப்பாற்றி அடுத்த முறை தழையும்.

‘அதெல்லாம் ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு’ என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பக்கம் போனால் கொரங்காடு பார்க்கலாம். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள். சில ஏக்கர் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதற்கு ஓய்வு கொடுப்பார்கள். காங்கேயம் காளை உருவானது அந்தப் புல்லில்தான். அமெரிக்க ஆலோசகர் எழுதித்தரும் திட்டத்தை அங்குள்ள விவசாயிகள் வேலி போட்டே வைத்திருக்கிறார்கள்.

உச்சிப்புளியில் கொரங்காடு போட யாரிடமும் அவ்வளவு நிலம் இல்லை. ஆனால் ஊருக்குப் பொதுவாக ஐந்து ஏக்கர் புறம்போக்கை மீட்டாலும் அதே கணக்கைப் போடலாம். கருவேலத்தை எடுத்துவிட்டு, வறட்சி தாங்கும் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் விதைக்கலாம். உடை மரத்தை விட்டுவைக்கலாம். ஓரத்தில் அகத்தி, கிளரிசிடியா நடலாம். மழைக்குப் பிறகு முதல் சில வாரங்கள் ஆட்டை உள்ளே விடாமல் புல்லை வேர்பிடிக்கவிடலாம். இதற்கு ஊர்க்கூட்டமும், ஊராட்சியும், ‘இன்றைக்குத் திறக்கலாம், இன்றைக்கு மூடலாம்’ என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெள்ளாடு தலையை நிமிர்த்தித் தழை கடிக்கும். செம்மறி குனிந்து புல் மேயும். இரண்டையும் சேர்த்து வளர்க்கும் அப்பத்தா ஒரே நிலத்தின் மாடியையும் தரைத்தளத்தையும் பயன்படுத்துகிறார். இதைப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்துவைத்திருப்பவரிடமிருந்து கற்றுக்கொள்வதும் ஆலோசகரின் வேலைதான்.

எங்கள் மாவட்டத்தில் புதிய வேலிகளும் வந்திருக்கின்றன. கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. வேலிக்குள் போன நிலத்தில் ஆடு நுழைய முடியாது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சோலார் தகடுகளுக்கு அடியில் புல் வெட்டும் செலவை மிச்சப்படுத்தச் செம்மறிகளை மேயவிடுகிறார்கள். இங்கேயும் அதைக் கேட்டுப் பார்க்க, ஆட்டுக்காரர்கள் சார்பில் பேச ஒருவர் வேண்டும்.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. மங்கோலியா முன்வைத்த யோசனை அது. உலக நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் மேய்ச்சல் நிலம்தான். கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. அவர்களில் சிலராவது புல்லையும் படிக்க வேண்டும். ஜான்சியில் 1962 முதல் புல்வெளிக்கும் தீவனத்துக்குமென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

ஆடு வளர்ப்பவர்கள் கவனத்துக்கு...

ஆடி - புரட்டாசி: துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். புழுக்கையைப் பரிசோதித்து, தேவைப்படும் ஆடுகளுக்கு மட்டும் குடற்புழு மருந்து கொடுங்கள். கடலைக்கொடி, வைக்கோலைச் சேமித்துவையுங்கள்.

ஐப்பசி - மார்கழி: வெறும் வயிற்றோடு இளம்புல்லில் விடாதீர்கள். கொஞ்சம் காய்ந்த தீவனம் கொடுத்து, பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள். சாயங்காலம் வேப்பிலை, நொச்சி மூட்டம் போட்டால் பூச்சித் தொல்லை குறையும். பட்டித் தரையில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

தை - பங்குனி: அறுவடை வயலில் விடும் முன், பூச்சிமருந்து எப்போது அடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறுத்தபின் துளிர்க்கும் இளம் சோளத்தில் ஆட்டை விடவே கூடாது, நஞ்சு.

சித்திரை - ஆனி: நிழலும் தண்ணீரும் முதல் தீவனம். தாது உப்புக் கட்டி கட்டித் தொங்கவிடுங்கள். கருவேல நெற்றை அரைத்து, அளவோடு கலந்து கொடுங்கள்.

எப்போதும்: திடீரென்று இறந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். மனிதர்களுக்கும் பரவும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் நாளில், மேலே சொன்னதையெல்லாம் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். இளம்புல் விஷயத்தில் தலையாட்டினார். மூட்டத்துக்கு நொச்சியைவிட வேறு ஒரு தழை நல்லது என்று திருத்தம் சொன்னார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு பட்டியைத் திறந்தார். 27 ஆடுகளும் வெளியே வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர் முகத்தைப் பார்த்து நின்றன.

அவர் கண்மாய் பக்கம் பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்தார். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசிக்க அன்றைக்குக் கொஞ்சம் நேரமானது.